சொன்னா போன் போயிடும்

நான் வேலை பார்க்கும் துறையில் 'பேரன்டல் கன்ட்ரோல்' என்று ஒரு சொல் உண்டு. பெற்றோர் கையில் சாவி, பிள்ளை கையில் போன் என்பது அதன் கணக்கு. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன். அதிலிருக்கும் ஜிமெயில் கணக்கைப் போட்டுக் கொடுத்தது செல்போன் கடைப் பையன். பாஸ்வேர்டு அவனுக்கே இப்போது ஞாபகம் இருக்காது. ஸ்கிரீன் லாக்கை மாற்றியது ஒன்பதாவது படிக்கும் தங்கை. நூறு நாள் வேலைக் கூலி ஏறிவிட்டதா, சிலிண்டர் எப்போது வரும், ஓ.டி.பி. என்ன, எல்லாவற்றையும் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சித்தி கேட்டார். "சாமி, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கற? பாப்பா கண்டதையும் பாக்காத மாதிரி ஒரு லாக்கு போட்டுக் குடுத்துட்டுப் போ."

கூகுளின் ஃபேமிலி லிங்க் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு, அம்மாவின் போனிலிருந்து மகளின் போனை... அதோடு நின்றுவிட்டது. ரெண்டாவது போன் எங்கே? தங்கை சிரித்தாள். "அந்த ஆப்பையும் அம்மாவுக்கு நான்தாண்ணா ஓட்டிக் குடுக்கணும்."

சட்டம் எழுதுகிறவர்கள் மனதிலும் ஆளுக்கொரு போன் இருக்கும் வீடுதான் இருக்கிறது. 2023இல் வந்த நம்முடைய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் சித்தியின் போனில் பதிவாகியிருக்கும் வயது நாற்பத்து சொச்சம். கம்பெனியின் சர்வரைக் கேட்டால் அந்த வீட்டில் குழந்தையே இல்லை.

தடைகளின் கதையும் நாம் பார்த்ததுதான். 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை போட்டது, அதே மாதம் நீக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்தது. பிள்ளைகள் ரீல்ஸுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

லாக் பேச்சு முடிந்தபின் தங்கையிடம் தனியாகக் கேட்டேன். யாராவது தப்பா மெசேஜ் போட்டா, போட்டோ கேட்டா என்ன பண்ணுவே? கொஞ்சமும் யோசிக்கவில்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா போன் போயிடும். அப்புறம் ஸ்கூலும் போயிடும்." பள்ளிக்கூடம் போய்விடும் என்றால் அடுத்து என்ன என்பதை அவள் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணம் அதிகமாக நடக்கும் மாவட்டங்களில் எங்கள் தருமபுரியும் ஒன்று. 'பேரு கெட்டுப்போறதுக்குள்ள கட்டிக் குடுத்துடலாம்' என்ற பேச்சு இங்கே எந்தத் திண்ணையிலும் கேட்கும். 2006இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமெல்லாம் அந்தத் திண்ணைக்கு ரொம்பத் தூரம்.

மிரட்டுகிறவன் பிழைப்பதே இதை வைத்துத்தான். அவன் பெரிய ஹேக்கர் கிடையாது. ஃப்ரீ ஃபயர் மாதிரி ஒரு கேமில் பழகுவான், கொஞ்சம் டைமண்ட் வாங்கிக் கொடுப்பான், பேச்சை வாட்ஸப்புக்கு மாற்றுவான், ஒரு போட்டோ கேட்பான். அது கிடைத்ததும் அடுத்த வரி: 'உங்க வீட்ல காட்டிடுவேன்.' வீட்டில் காட்டினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு இருந்தால் அவனிடம் வேறு சரக்கில்லை. பையன்களுக்கும் இதே வலைதான். பணம் கேட்டு மிரட்டப்படும் பையனிடம் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது கூடுதல் கொடுமை.

2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பள்ளி விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். ஆன்லைன் வகுப்பில் ஓர் ஆசிரியர் அரைகுறை உடையில் வந்தார், மாணவிகளுக்கு ஆபாசமாக மெசேஜ் அனுப்பினார் என்று குற்றச்சாட்டு. அவர் போக்சோவில் கைதானார். ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், உடைக்கு விதி வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதெல்லாம் கேமராவைப் பற்றிய விதிகள். எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பெண்களில் பலர் வாய் திறந்தது பள்ளியை விட்டு வெளியேறிய பிறகு. அதுவும் பெற்றோர்கள் பயப்படும் அதே இன்ஸ்டாகிராமில்.

பொள்ளாச்சி இன்னும் மோசம். பேஸ்புக்கில் பழகி, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் மீது 2019 பிப்ரவரியில் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். அதற்காக 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஊர்ப் பெண்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம், சொன்னால் பெயர் வெளியே வரும் என்பதுதானே?

சொல்வதற்கு வழி காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வரும் போலீஸ் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனில் இரவு தங்கவைக்கக் கூடாது. சைபர் கிரைம் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற அமெரிக்கச் சேவை உண்டு. அது படத்தை வாங்கிக்கொள்வதில்லை. போனிலேயே படத்திலிருந்து ஓர் எண் கோவையை உருவாக்கி அதை மட்டும் அனுப்பும். அதை வைத்து இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் படத்தைத் தேடித் தடுக்கும். என் தொழிலில் நான் மரியாதை வைத்திருக்கும் சில கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. சித்திக்கு இதில் எதுவும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. இருவருக்கும் 1098ஐ மட்டும் போனில் சேமித்துக் கொடுத்தேன். 'குழந்தை உதவி' என்று போட்டால் யாராவது பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று தங்கை அதை 'சயின்ஸ் டியூஷன்' என்று மாற்றிக்கொண்டாள்.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி உண்டு. எங்கள் வட்டாரத்தில் நண்பர் ஒருவர் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தது. அங்கே நின்று சீட்டு போடும் பிள்ளையை மொத்தப் பள்ளியும் பார்க்கும். வருஷம் பூராவும் காலி. நண்பர் தலைமையாசிரியரிடம் பேசி, பெட்டியைப் பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில், சுவர் மறைவில் மாற்றி மாட்டினார். பையன்களுக்கு இன்னொன்றை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வைத்தார். பெற்றோர் கூட்டத்தில் ஒரே விஷயம்தான் பேசினார்: பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். பின்வரிசையில் ஒரு அப்பா, "அப்ப தப்பு பண்ணாலும் கேக்கக் கூடாதா சார்?" என்று எழுந்து போய்விட்டாராம்.

முதல் மாதம் பெட்டியில் ஒன்பது சீட்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாலு, கணக்கு சார் அதிகம் திட்டுகிறார் என்று மூன்று, சத்துணவு முட்டை பற்றி ஒன்று. ஒன்பதாவதில் பெயரில்லை, புகாரும் இல்லை. 'இதைப் படிக்கிறது யாரு?' என்று மட்டும் எழுதியிருந்தது. நண்பர் பதிலை ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார்.