நாயொடு பேசப் புகுந்த கதை

வாய்திறவாது மனத்தினாலேயே விலங்குகளொடு பேசலாம் என்போர் பல நாடுகளிலும் உளர். அதனைக் கற்பிப்பதாகக் கூறிக் கட்டணம் பெறுவோரும் இந்நாளில் உளர். யாம் அதனைப் பயிலப் புகுந்தது விளையாட்டிற்கன்று. எம் வீட்டு நாய்க்கு ஒரு செய்தி சொல்லவேண்டியிருந்தது.

சென்ற ஐப்பசித் திங்களில் எம் பாட்டனார் காலஞ்சென்றார். அப்போது எமக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தமையின், அது முடியுமளவும் வீட்டார் எமக்கு ஒன்றும் அறிவித்திலர். யாம் ஊர் சேர்ந்தபோது அடக்கம் நிகழ்ந்து எட்டு நாட்கள் கழிந்திருந்தன. பாட்டனாரது கயிற்றுக் கட்டிலின் கீழ் வீரன் கிடந்தது. வாயிற்கதவு ஒலிக்குந்தோறும் தலையைத் தூக்கும்; வந்தவர் இன்னார் எனக் கண்டு மீண்டும் தாழ்த்தும். கஞ்சியைச் சிறிது நக்கிவிட்டு விலகிவிடும். அவர் மருத்துவமனையில் இறந்து, அங்கிருந்தே கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் கொண்டுசெல்லப்பட்டமையால், அஃது அவரைப் பின்னர்க் கண்டதேயில்லை.

“இதுக்கு யாரு சொல்லுவா?” என்றார் பாட்டியார். எமக்கும் ஒருவரும் உரிய காலத்திற் சொல்லவில்லையாதலின், அச்சொல் எம் நெஞ்சில் தைத்தது.

ருஷிய நாட்டில் விளாதிமிர் தூரவ் என்றொரு சர்க்கஸ் வித்தகர் இருந்தார். அவர் நாயின் தலையை இருகையாலும் பற்றி, அதன் கண்களை உற்று நோக்கி, அது செய்யவேண்டிய செயலைத் தம் மனத்தில் ஓவியம்போல் எழுதிப் பார்ப்பாராம். விட்டவுடன் நாய் சென்று அதனைச் செய்யுமாம். பெக்தெரேவ் என்னும் பெயர்பெற்ற மூளைநூல் அறிஞரே அவருடைய நாய்களைச் சோதித்து, இதில் உண்மையுண்டென எழுதினார். அத்தகையார் நம்பியதைப் பத்தொன்பது வயதினராகிய யாமோ ஐயுறுவது?

அங்ஙனமே வீரனின் தலையைப் பற்றினோம். நீர்ச்சட்டியருகே அது செல்வதாக உள்ளத்தில் எழுதினோம். என்னே வியப்பு! அது மெல்ல எழுந்து சட்டியை நோக்கி நடந்தது. ஐந்து முறை செய்ததில் நான்கு முறை சென்றது. விலங்கிற்கு ஐயறிவே வகுத்த தொல்காப்பியர் எம் வீரனைக் கண்டிலர் போலும் என்று செருக்குற்றோம்.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியார் நகைத்தார். “நீதான் சட்டியச் சட்டியப் பாக்கியே, அதான் அது போவுது.”

அவ்வொரு சொல்லால், முன்பு கற்றதொன்று நினைவிற்கு வந்தது. பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். அது கூட்டற்கணக்கிற்கும் பின்னக்கணக்கிற்கும் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904 ஆம் ஆண்டில் ஆராய்ந்த அறிஞர் குழு இதிற் சூதில்லை என்றது; உண்மையிலேயே சூதில்லை. ஆயின் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் இளைஞர் மேலும் ஆராய்ந்து ஒன்று கண்டார். வினவுபவர்க்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. வினவுபவரைக் காணாதவாறு கண்ணை மறைத்தபோதும் தெரியவில்லை. தட்டும் எண்ணிக்கை விடையை எட்டியதும், வினவுபவரின் தலை தம்மையறியாமல் மயிரிழையளவு நிமிரும்; குதிரை அதனைக் கண்டு நிறுத்தும். இவ்வுண்மையை அறிந்த பின்னரும் ஃபுங்ஸ்டால் தம் தலையசைவை எளிதில் அடக்க இயலவில்லையாம்! அவர் பின்னர்த் தாமே குதிரையாகி, பிறர் நினைத்த எண்களைத் தட்டிக் காட்டினார் என்பது யாம் மிகவும் விரும்பும் பகுதி. ஆனால் பாவம் அவ்வாசிரியர். அவர் எவரையும் ஏமாற்றினவரல்லர்.

யாம் ஒரு துண்டினால் முகத்தை முற்றும் மூடிக்கொண்டு மீண்டும் சட்டியை நினைத்தோம். நெடுநேரம் நினைத்தோம். துண்டை விலக்கிப் பார்த்தபோது வீரன் உறங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் அறிந்தபின் விட்டிருக்க வேண்டும். விட்டோமில்லை. அன்றிரவு அனைவரும் துயின்றபின் விளக்கருகே அமர்ந்து அதன் தலையை மறுபடியும் பற்றினோம். பாட்டனார் இனி வாரார் என்பதை எவ்வோவியமாக எழுதுவது? அடக்கத்தை யாம் கண்டிலோம், பெட்டியைக் கண்டிலோம். நினைக்க நினைக்க, அவர் அக்கட்டிலில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் உருவமே எம்முன் நின்றது. எம் கண் தானே கட்டிலின்பாற் சென்றதுபோலும். வீரன் துள்ளி எழுந்தது. கட்டிலின்மேல் முன்னங்கால்களை வைத்து மோந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வாயிலுக்கு ஓடிக் கதவைப் பிறாண்டியது. அவர் வந்துவிட்டார் என்றே அதற்கு உரைத்துவிட்டோம்! அதனைக் கட்டிக்கொண்டு யாம் அழுத அழுகையிற் பாட்டியார் விழித்தெழுந்து வந்தார். அவர் ஒன்றும் வினவாமல் எம்மருகே அமர்ந்தார். எட்டு நாட்களாய் அழுது ஓய்ந்தவர், எம்மொடு மறுபடியும் அழுதார். வீரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

மறுநாட் காலையிற் பாட்டியார் கட்டிலைத் தூக்கிச் சுவரிற் சாய்த்துவிட்டார். வீரன் அவ்விடத்தை இருமுறை சுற்றிவந்தது. பின்பு அடுக்களை வாயிலிற் போய்ப் படுத்துக்கொண்டது. பாட்டியார் தம் கையால் ஊட்டிய சோற்றைத் தின்றது. எம் கையால் ஊட்டியதைத் தீண்டவில்லை.

கல்லூரிக்கு மீளும் நாளன்று, பையை எடுப்பதற்கும் செருப்பை அணிவதற்கும் முன்னரே, யாம் நாற்காலியில் வாளா அமர்ந்திருக்கையில், வீரன் எழுந்து சென்று வாயிற்படியில் எமக்காகக் காத்து நின்றது. எம்முடைய எவ்வசைவைக் கண்டு அறிந்ததென்று பேருந்து நெடுகிலும் எண்ணிப் பார்த்தோம், புலப்படவில்லை.