கார் கழுவியவன் சொல்கிறேன்

போன வருசம் ஒரு பழைய கார் வாங்கினேன். எட்டு வருசம் ஓடின வண்டி. அதுக்கும் வங்கிக் கடன்தான். எங்கள் வம்சத்தில் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்ட முதல் ஆள் நான். வாங்கின மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெண்டு வாளியோடு கீழே இறங்கி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாக்கிங் போய்விட்டு வந்த பக்கத்து பிளாக்காரர் ஒருவர் நின்று பார்த்தார்.

"நல்லாக் கழுவுறியேப்பா. புதுசா வந்திருக்கியா? அப்படியே பி பிளாக் வெள்ளை வண்டியையும் பாத்துக்க. மாசம் எவ்வளவு வாங்குற?"

"இது என் வண்டி சார்" என்றேன்.

அவர் முகம் சிறுத்துப் போய்விட்டது. "தப்பா நெனச்சுக்காதீங்க சார், லுங்கியில இருந்தீங்களா, அதான்..." என்று சொல்லிக்கொண்டே லிப்ட் பக்கம் போய்விட்டார்.

அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. நீ என்றவர் நீங்க என்று மாறினார், அவ்வளவுதான். என்னைக் குடைந்தது வேறு விசயம். அவர் கேட்டதும் என் உடம்பு ஏன் கூசியது? அந்த வேலையைச் செய்துதானே நான் பட்டம் வாங்கினேன்? 'என் வண்டி' என்று எதற்கு அவ்வளவு அவசரமாகச் சொன்னேன்? கார் கழுவுகிறவன் என்று என்னை நினைத்தது எனக்கு அவமானம் என்றால், தினமும் விடியக்காலையில் கழுவுகிற அந்தப் பையனைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன்? இதை யோசித்து யோசித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

1996. ஆம்பூர் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து ரெண்டாவது வருசம். ஆஸ்டலில் சோறு உண்டு. பஸ்ஸுக்கு, புத்தகத்துக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கு வழி இல்லை. அம்மா தோல் தொழிற்சாலையில் கூலி. அப்பா இல்லை. ஆஸ்டல் பையன் ஒருத்தன் சொல்லித்தான் நாலு தெரு தள்ளி பெரிய வீடுகளில் கார் கழுவப் போனேன். ஒரு காருக்கு மாசம் 60 ரூபாய். 6 கார். காலையில் நாலரைக்கு எழுந்தால் எட்டு மணிக்குள் முடித்துவிட்டுக் காலேஜுக்கு ஓடலாம்.

கார் கழுவுவதில் என்ன இருக்கிறது, தண்ணியை ஊத்தித் துடைக்கிறதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாளே ஒரு வீட்டு டிரைவர் அண்ணன் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டார். வியாசர்பாடிக்காரர். இருபது வருசமாக ஓட்டுகிறவர்.

"இன்னாப்பா பண்றே? தூசியோட தேய்க்கிறியே. அது தூசி இல்ல, மணலு. உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கிற மாதிரி."

அவர்தான் எனக்கு வாத்தியார். அவர் சொல்லித் தந்ததை இன்றைக்கும் மாற்றவில்லை. வண்டி சூடாக இருக்கும்போது கழுவக்கூடாது. வெயிலில் கழுவக்கூடாது. சோப்புத் தண்ணி காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். போர் தண்ணியாக இருந்தால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். முதலில் வெறும் தண்ணியை மேலிருந்து கீழே ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும். துணி படுவது அதுக்கு அப்புறம்தான். சோப்புத்தூளும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் ஆகாது, மெழுகு இருந்தால் அதையும் சேர்த்து உரித்துவிடும். காருக்கென்று உள்ள ஷாம்பு கொஞ்சம் போதும்.

வாளி ரெண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணி. துணியை ஒரு தடவை ஓட்டினதும் நல்ல தண்ணியில் அலசி, அப்புறம்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் பானட்டில் எடுத்த மண்ணையே டிக்கியில் கொண்டுபோய்த் தேய்ப்போம். மேல்கூரை முதலில், அப்புறம் கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி. கதவின் கீழ்பாதியும் பம்பரும் கடைசி, அங்கேதான் ரோட்டு மண் அதிகம். சக்கரத்துக்குத் தனித் துணி. பிரேக் தேய்ந்து விழுகிற இரும்புத்தூள் அங்கே இருக்கும். அந்தத் துணி பாடியில் படவே கூடாது. துணி கைதவறித் தரையில் விழுந்தால் அது அன்றைக்குச் செத்துப்போனது. உதறிவிட்டுத் திரும்ப எடுக்கக்கூடாது.

துடைப்பதுக்கு அவர் ஒரு மஞ்சள் நிறத் தோல் வைத்திருந்தார். ஷாமி லெதர் என்பார். தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்தால் பட்டு மாதிரி ஆகிவிடும். பானட்டின் மேல் விரித்து மெதுவாக இழுத்தால் அத்தனை தண்ணியையும் குடித்துவிடும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பஞ்சு மாதிரி அதுக்கு இழை இல்லை, ஒரு மணல் மாட்டினாலும் உள்ளே வாங்கிக்கொள்ளாது, இழுக்கிற வழியெல்லாம் கோடு போடும். அதனால் அடிக்கடி அலச வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பில் கசக்கி நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். இப்போது மைக்ரோபைபர் துண்டு வந்துவிட்டது. அதன் இழைக்குள் தூசி ஒதுங்கிக்கொள்ளும் என்பதால் வண்டிக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்தத் தோலின் மேல் எனக்குப் பிரியம் போகவில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

பழைய சிவப்பு பத்மினி ஒன்று இருந்தது. பாலிஷ் போட்டால் துணியில் சிவப்பு ஏறும். நிறமே மேல்பூச்சாக இருக்கிற வண்டி. மெட்டாலிக் வண்டிகள் அப்படி இல்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி கனம்கூடத் தேறாது. பளபளப்பு முழுக்க அதில்தான். நாம் போடுகிற கோடும் அதில்தான் விழுகிறது. நிழலில் பார்த்தால் தெரியாது. வெயிலிலோ டியூப் லைட்டிலோ பார்த்தால் சிலந்திக்கூடு மாதிரி தெரியும்.

அப்படித் தெரிந்த ஒரு கோடுதான் எனக்கு வேலையைப் போக்கியது.

அந்த வீட்டில் கருநீல மெட்டாலிக் எஸ்டீம். புதுசு. காரைத் தொட என் கை வேண்டும். வீட்டுக் கேட்டுக்கு உள்ளே சைடில் ஒரு குழாய், அது காருக்கு. அதில் கை கழுவலாம். குடிக்கத் தண்ணி கேட்டால் அந்த வீட்டம்மா பிளாஸ்டிக் மக்கில் எட்ட நின்று ஊற்றுவார்கள், நான் கையைக் குவித்துக்கொள்ள வேண்டும். என்ன சாதி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ஊர் எது, ஆஸ்டல் எது என்று கேட்டார்கள், அதிலேயே எல்லாம் தெரிந்துகொண்டார்கள். ஆயுத பூசைக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அந்தக் காரைக் கழுவித் துடைத்தேன். மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைத்துப் பூசை பண்ணும்போது, "தம்பி, கொஞ்சம் வெளிய நில்லு" என்றார்கள். பூசை முடிந்ததும் பொரி பொட்டலம் கேட்டுக்கு வெளியே வந்தது.

ஒரு மாசம் கழித்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். வண்டி வெயிலில் நின்றிருந்தது. பானட்டில் கையைக் காட்டி, "என்னடா பண்ணி வச்சிருக்க? அழுக்குத் துணியப் போட்டு இழுத்திருக்க. உங்களுக்கெல்லாம் இந்த மாதிரி வண்டியத் தொட்டுப் பழக்கம் உண்டா?" என்றார்.

பார்த்தேன். பானட் முழுக்க, டிரைவர் பக்கக் கதவு முழுக்க மெல்லிசு மெல்லிசாகக் கோடு. எனக்குப் பக்கென்றது. என் கை இவ்வளவு கெட்டதா என்று நானே ஒரு நிமிசம் நம்பிவிட்டேன். அப்புறம் மேல்கூரையைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. டிக்கியைப் பார்த்தேன். இல்லை. நான் ஒரே துணியால், ஒரே தண்ணியால்தான் முழு வண்டியையும் கழுவுகிறேன். கோடு எனக்குச் சொந்தம் என்றால் கூரையிலும் இருக்க வேண்டுமே. தினமும் ஆபீஸ் கிளம்பும்போது அவரேதான் ஒரு மஞ்சத்துணியை எடுத்து, காய்ந்த தூசியை அப்படியே பானட்டிலும் தன் பக்கக் கதவிலும் வறட்டு வறட்டென்று துடைத்துவிட்டு விபூதி இடுவார். அவர் கை போன இடத்தில்தான் கோடு.

சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். "ஐயா, டாப்புலயும் டிக்கியிலயும் பாருங்க, ஒண்ணும் இல்ல. காஞ்ச தூசியத் தொடச்சா இப்படி ஆவும்."

அவர் கூரையைப் பார்க்கவே இல்லை. "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார். ரெண்டு மாசச் சம்பளம் 120 ரூபாய் போனது. நாளையிலிருந்து வராதே என்றார். அந்தத் தெருவில் இன்னும் ரெண்டு வீடு என்னை நிறுத்தியது. பரீட்சைக் கட்டணம் கட்டக் கடன் வாங்கினேன்.

வேலை போனதைவிட எனக்கு வலித்தது அவர் அண்ணாந்து பார்க்காததுதான். தலையைத் தூக்கினால் உண்மை அங்கே இருந்தது. பார்த்தால், இவனுக்கு ஒரு விசயம் தெரியும், எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஆளிடம் உழைப்பு இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்குச் சங்கடம் இல்லை. அறிவு இருக்கிறது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அடுத்த வருசம், 1997இல், விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரமே செய்தார்கள். கடைசியில் அரசாங்கம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு இருந்த அம்பேத்கர் பேரும் அதோடு போனது. பஸ்ஸை நாம் கழுவலாம், டயர் மாட்டலாம். நம் ஆள் பேர் மட்டும் அதன்மேல் இருக்கக்கூடாது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த எஸ்டீம்தான் ஞாபகம் வந்தது.

நான் தெருவை விட்டுப் போகும்போது டிரைவர் அண்ணன் தன்னுடைய பழைய ஷாமித் தோலைக் கொடுத்தார். "எனக்கும் அது யாரு போட்ட கோடுன்னு தெரியும் தம்பி. வாயத் தொறந்தா என் சோறும் போயிடும், மன்னிச்சுக்க" என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தத் தோலைப் பையிலிருந்து எடுத்தேன். அம்மா கையில் வாங்கி, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"இன்னாடா இது, ஆட்டுத்தோலுதான? உள்சதைப் பக்கம். எண்ணெயில போட்டு எட்த்துகீறாங்க" என்றாள்.

எனக்குத் தெரியாது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். செம்மறித் தோலை ரெண்டாகப் பிளந்து, உள்பக்கத்தை எடுத்து, மீனெண்ணெயை ஊட்டி, சூடான இடத்தில் வைத்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து நாரைப் பதப்படுத்திவிடும். அதனால்தான் எத்தனை தடவை நனைந்தாலும் அழுகாது. அம்மா இதைப் படிக்கவில்லை. தொட்டே சொன்னாள். சுண்ணாம்பில் வெந்து நகம் தேய்ந்த அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த வருசம் ஆகஸ்டில்தான் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணியை அப்போதே வாயில் வைக்க முடியாது. தோலைத் தொட்டதால் எங்களைத் தீட்டு என்றவர்கள், அந்தத் தோலால் துடைத்தால்தான் கார் சுத்தம் என்கிறார்கள்.

தண்ணி என்று வந்தால் இதற்கு முடிவே இல்லை. 1927இல் மகாடில் குளத்துத் தண்ணியை ஒரு கை அள்ளிக் குடிக்கவே பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். நடுவில் தொண்ணூற்றைந்து வருசம்.

இப்போது எங்கள் குடியிருப்பில் 40 காருக்கு மேல் கழுவுகிற பையன் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறான். கூவம் கரையில் இருந்த குடிசையைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய்ப் போட்ட குடும்பம். 2019இல் ஏரி நாலும் வறண்டபோது, காருக்கு ஒரு வாளித் தண்ணிதான் என்று சங்கத்தில் முடிவு செய்தார்களாம். மழை வந்தது, ஏரி நிரம்பியது, முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வாளியில், ஒரே துணியில் அவன் துடைக்கிறான். கோடு விழத்தான் செய்யும். விழுந்தால் திட்டு அவனுக்கு. நாலு மணி நேரம் வேலை செய்கிற அவன் ஒன்றுக்குப் போகக் கட்டடத்தில் இடம் கிடையாது. கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை இருக்கிறது. அதில் பூட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பூட்டைத் திறந்துவிடுங்கள், காருக்கு ரெண்டு வாளி கொடுங்கள் என்றேன். ரெண்டாவது வாளி உங்கள் வண்டி பெயிண்டுக்குத்தான் நல்லது என்று விளக்கமும் சொன்னேன். "உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். வாக்கிங் போகிறவரும் உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருசம் கார் கழுவித்தான் படிச்சேன்" என்றேன். இருபத்தைந்து வருசமாக ஆபீசில் யாரிடமும் சொல்லாத விசயம். சொல்லும்போது குரல் நடுங்கியது. சொன்னதும் அன்றைக்கு லுங்கியோடு நின்றபோது கூசின கூச்சம் பாதி போனது.

ரெண்டாவது வாளிக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். கழிப்பறையை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் தை மாசம். நான் போவேன்.