ஹனஃபிய்யா

எகிப்திலும் ஷாம் நாட்டிலும் தண்ணீர்க் குழாயின் திருகுக்கு 'ஹனஃபிய்யா' என்று பெயர். 'ஸுன்பூர்' என்ற சொல் ஏட்டில் உண்டு. எனினும் கெய்ரோ நகரத்துத் தெருவில் வழங்குவது ஹனஃபிய்யாதான். ஹனஃபீ மத்ஹபினர் ஓடிவரும் நீரில் ஒளுச் செய்வதை விரும்பினர், ஆகவே பள்ளிவாசல்களில் அமைந்த திருகுகள் அவர்கள் பெயரால் வழங்கலாயின என்பது பலரும் கூறும் விளக்கம். ஓர் இமாமின் பெயர் தாங்கிய பொருள் நம் இல்லங்களில் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதை நாம் பொருட்படுத்துவதும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஒரு துளி எனின் நாளொன்றுக்கு 86,400 துளிகள். இருபது துளிகள் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ஆகும். ஆக, 4 லிட்டருக்கும் மேல். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீது நூல்களில் காணும் செய்தி. ஷாஃபிஈ கணக்கில் அது முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒருவருடைய ஐவேளை ஒளுவுக்குப் போதுமான நீர், யாருக்கும் பயன்படாமல் சாக்கடையில் சேர்கிறது. மதரஸாவில் ஃபிக்ஹு நூலைத் திறந்ததும் தண்ணீரின் வகைகளைத்தான் ஓதினோம். அத்தண்ணீர் வந்துசேரும் வழியைப் பற்றி எந்த உஸ்தாதும் சொல்லித்தந்ததில்லை.

எங்கள் செஞ்சி கருங்கல் மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர். கோட்டையை ஆண்டவர்கள் சக்கரக்குளம், செட்டிக்குளம் என மழைநீரைத் தேக்கினார்கள். கல்யாண மகாலின் மேல்மாடங்களுக்குச் சுட்ட மண்குழாய் வழியே நீர் கொண்டுபோனார்கள். நாங்களோ ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறோம். எங்கள் வீட்டுக் கிணற்றின் நீர் கடினநீர். தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் பொருக்காகப் படியும் அதே சுண்ணாம்புச் சத்து, குழாயின் மரைகளுக்கு இடையிலும் படிந்து சாந்துபோல் இறுகிவிடுகிறது. அப்பால் அந்தத் திருகு மூடவும் மூடாது, கழற்றவும் வராது.

சென்ற ஆண்டு எங்கள் குளியலறை ஷவரின் திருகு அப்படித்தான் இறுகிப்போயிற்று. அம்மாவுக்கு வயது 84. குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள இயலாது. முக்காலியில் அமர்ந்து ஷவரின் கீழேதான் குளிப்பார்கள். முதலில் வந்த இளைஞர் பெரிய ரிஞ்சு கொண்டு இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு, "சுவத்த உடைச்சாத்தான் முடியும், ஹஜ்ரத்" என்றார். அந்தச் சுவர் அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவர். உள்ளே செல்வது அத்தா காலத்து ஜி.ஐ. குழாய், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துரு தின்றது. கொத்தனார், ஓடு, சிமெண்டு என்று ஒரு வாரம் வீடு கலைந்துவிடும். அந்த ஒரு வாரமும் அம்மாவை எங்கே வைப்பது?

அறுபது வயதைக் கடந்த மற்றொரு பணியாளரை அழைத்து வந்தேன். அவர் ரிஞ்சைத் தொடவே இல்லை. மாடித் தொட்டியின் வால்வை மூடினார். கீழ்க்குழாயைத் திறந்து, லைனில் நின்ற நீரை வடியவிட்டார். கைப்பிடியின் மூடியை நெம்பி, உள்திருகாணியைக் கழற்றினார். பிறகு வினிகரில் நனைத்த துணியை மரையைச் சுற்றிக் கட்டிவிட்டு, அஸர் தொழுகைக்குப் பின் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

"ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் ஆகாதா, தம்பி?" என்றேன். அவர் என்னிலும் மூத்தவர்; பழக்கத்தில் வந்த 'தம்பி' அது. "கரையும் ஹஜ்ரத், பித்தளையையும் சேத்துத் தின்னுடும்" என்று சிரித்தார்.

வினிகர் சுண்ணாம்பைச் சிறுசிறு குமிழிகளாக்கிக் கரைக்கும். துருவை அது அவ்வளவாக அசைக்காது. துருவுக்கு மண்ணெண்ணெய் சில துளி விட்டு ஊறவைக்கலாம். ஆனால் அப்போது அருகில் நெருப்பு ஆகாது. இங்கே பிடித்திருந்தது சுண்ணாம்புதான் என்று அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார்.

மாலையில் வந்ததும் கொதிநீரில் நனைத்த துணியை வெளிப்புற உடல்பகுதியின் மேல் போர்த்தினார். வெளிப்பகுதி முதலில் சூடேறிச் சற்றே விரியும். உள்ளே உள்ள திருகு விரிவதற்குள் இடைவெளி உண்டாகும். பிறகு ஒரு ஸ்பானரால் சுவரை ஒட்டிய உடல்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் திருகைப் பற்றினார். "இதுல பலம் காட்டுனா உள்ள இருக்கிற பைப்புதான் முறியும்" என்றார். முதலில் இடஞ்சுழியாகத் திருகவில்லை. வலஞ்சுழியாக, இறுக்குவது போல, மயிரிழை அளவு. படிந்த சாந்து அதில் வெடித்தது. மரத்துண்டை வைத்து இரண்டு தட்டு. அதன்பின் இடப்புறம் ஓர் அரைச்சுற்று, மறுபடி வலப்புறம் கொஞ்சம், மீண்டும் இடப்புறம். நான்காவது முறையில் 'கறக்' என்றொரு சத்தம் கேட்டது. குழாய்தான் போயிற்றென்று நான் அஞ்சினேன். திருகு கையோடு வந்துவிட்டது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர் மூவரும் பொறிநுட்ப நூலொன்றை எழுதினார்கள். கூம்பு வடிவ அடைப்பு தன் இருக்கையில் பொருந்தி நீரைத் தடுக்கும் வால்வுகளை அதில் விவரித்திருக்கிறார்கள். பெரியவர் கையில் இருந்த ஸ்பிண்டிலைப் பார்த்தபோது அந்நினைவு வந்தது. அதன் நுனியில் இருந்த ரப்பர் வாஷர் பாதி தேய்ந்து, காசுபோல் மெலிந்திருந்தது. அத்தனை சொட்டும் அதன் வழியே போனவை.

மரையைப் பித்தளைத் தூரிகையால் துலக்கி, புது வாஷர் போட்டு, வெள்ளை டேப்பைத் திருகின் சுழற்சித் திசையிலேயே சுற்றி முடுக்கினார். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வந்துவிடுமாம். மாடி வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறக்கச் சொன்னார். அசையாமல் கிடந்தால் அதுவும் இறுகிவிடும். மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா முக்காலியில் அமர்ந்து குளித்துவிட்டு, ஜுமுஆ பாங்குக்கு முன்பே முசல்லாவில் இருந்தார்கள்.