கண்ணுப்பிள்ளை

மதுரையில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு முன்வாசல் தரையை எதையாவது வைத்து மூடிவிட வேண்டும். நர்சரியில் கொரியன் புல்லைக் காட்டுவார்கள். வெள்ளி இலையில் ஏதாவது கேட்டால் டஸ்டி மில்லர் தொட்டியை நீட்டுவார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி அது. தை மாதம் அழகாகத்தான் இருக்கும். நம்மூர்ச் சித்திரையை அதன்மேல் ஏவிவிடுவது பாவம்.

கண்ணுப்பிள்ளைச் செடி கேட்டுப் பாருங்கள். "அது களைண்ணே, அதை யாரு தொட்டியில வச்சு விப்பா?" என்பார் நர்சரிக்காரர்.

மருத்துவ நூல்களில் அதற்குச் சிறுபூளை என்று பெயர். முளைக்கீரைக்கும் கோழிக்கொண்டைக்கும் உறவு. நாகமலை அடிவாரத்திலும் கண்மாய்க் கரையிலும் விலை போகாத மனைகளிலும் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு பஞ்சுத் துணுக்கு போன்ற பூவோடு கிடக்கும். இலை பச்சைதான், மேலே அடர்ந்திருக்கும் வெண்முடிதான் அதை வெள்ளியாகக் காட்டுகிறது. அந்த முடி வெயிலைத் திருப்பி அனுப்பும்; இலையை ஒட்டிய ஈரத்தைக் காற்று உறிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொள்ளும். நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

பழைய ஆட்கள் இதை இப்படித் தள்ளிவைக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வெந்த வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூதான் உவமை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களிலும் பூளை உண்டு. குரு தலமான ஆலங்குடிக்குப் பழைய பெயரே திருஇரும்பூளை, தலவிருட்சமும் பூளைதான். சிறுநீர்க் கல்லுக்குச் சித்த வைத்தியர்கள் இதைத்தான் கஷாயம் வைக்கச் சொல்கிறார்கள்.

இப்போது நமக்கு இதன் நினைவு வருவது போகியன்று மட்டும். வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்ட வேண்டுமே! வாசலில் முளைத்ததை ஆண்டு முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு, அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

குறையே இல்லாத செடி என்று சொல்லமாட்டேன். நிழலில் நோஞ்சானாகிவிடும். காலடி பட்டால் தாங்காது. விட்டுவிட்டால் தண்டு நீண்டு, அடியில் இலை உதிர்ந்து குச்சியாகத் தெரியும். ஆணிவேர்ச் செடி என்பதால் வளர்ந்ததைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. முற்றிய பூவை உதிர்த்து ஐப்பசி மழைக்கு முன் தூவிவிடுவதே வழி.

போன பொங்கலுக்குத் தெருமுனையில் விற்ற அம்மாவின் கட்டெல்லாம் வேரும் மண்ணுமாக இருந்தது. "கிள்ளிக் கொண்டுவரக் கூடாதாம்மா? அடுத்த வருசத்துக்குச் செடி இருக்குமே" என்றேன்.

"கிள்ளினா சாயங்காலத்துக்குள்ள தலை தொங்கிரும்யா. அப்புறம் யாரு வாங்குவா?"

அவர் பிழைப்பு அது. காலி மனைகளும் ஒவ்வொன்றாக வீடாகிக்கொண்டு வருகின்றன. வாசலில் இருக்கும் செடியை நான் மார்கழிக் கடைசியில் கவாத்து செய்கிறேன். நீண்ட தண்டுகளை எப்படியும் வெட்டத்தான் வேண்டும். வெட்டியது காப்புக்கு ஆகிறது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டு வாங்கிக்கொள்கிறார்.