மண்டி என்று தேடினால்

விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியில் ஒருவர் ‘மண்டி’ என்று தட்டுகிறார். அவருக்கு என்ன வேண்டும்? இமாசலப் பிரதேசத்து மண்டி நகரமாக இருக்கலாம். அரிசி மண்டி, வெங்காய மண்டி என்கிறோமே, அதுவாக இருக்கலாம். செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டிக்குப் பக்குவம் தேடுகிறாரோ என்னவோ. எங்கள் மைசூர்க் கன்னடக்காரர் என்றால் முழங்கால் வலியாகவும் இருக்கும். அவர்கள் ஊரில் முழங்காலுக்கு அதுதான் பேர். இத்தனை பேரையும் வாசலில் நிறுத்தி, ‘நீங்கள் இந்தப் பக்கம் போங்கள், நீங்கள் அந்தப் பக்கம்’ என்று அனுப்பிவைக்கத் தனியாக ஒரு பக்கம் போடுவார்கள். பக்கவழி நெறிப்படுத்தல் என்று தமிழ் விக்கியில் அதற்குப் பெயர். கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் பாராட்டில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கத்தைப் போட்டவருக்குக் கிடைக்காது. எனக்கு என்னவோ இந்த வேலைதான் பிடித்துப்போயிற்று.

நான் குடியிருக்கும் மண்டி மொஹல்லா இதற்கு நல்ல பயிற்சிக்களம். அக்பர் சாலை, கபீர் சாலை, புலிகேசி சாலை மூன்றும் இந்த ஒரே பேட்டைக்குள். வீட்டுத் திண்ணையில் தக்கணி உருது, கடைப் பலகையில் கன்னடம், அங்கங்கே எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள். ஒரு சந்துக்கு வழி கேட்டால் ஒருவர் மசூதியைச் சொல்வார், ஒருவர் பேக்கரியைச் சொல்வார், இன்னொருவர் மூடிப்போன தியேட்டரைச் சொல்வார். யார் சொன்னபடி போனாலும் போய்ச் சேரலாம்.

விக்கியில் அப்படிப் போய்ச் சேர வைப்பது வழிமாற்று. மொஹல்லா, மொகல்லா, முகல்லா என்று எப்படி எழுதினாலும் ஒரே கட்டுரையில் கொண்டுபோய் விடும். 2014 நவம்பர் 1 முதல் ஊரின் அதிகாரப்பூர்வமான ஆங்கிலப் பெயர் மைசூரு ஆனது. அதற்காக மைசூர் என்று தேடுகிறவரைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. தலைப்பில் எது நிற்பது என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். மற்றதை வழிமாற்றாக வைத்துவிட்டால் வாசகருக்குக் குறை ஒன்றுமில்லை.

மொழிவிட்டு மொழி போவதுதான் பெரும்பாடாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது, கன்னடம் அதற்குச் சில மாதம் முன்பு. அன்றைய ஏற்பாட்டில், ஒரு பொருளைப் பற்றிப் பத்து மொழியில் கட்டுரை இருந்தால் ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற ஒன்பதின் தலைப்பை எழுதிவைக்க வேண்டும். மொத்தம் 90 இணைப்பு. ஒரு மொழியில் தலைப்பை மாற்றினால் மற்ற ஒன்பதையும் தொட வேண்டும். இதைச் செய்யத் தானியங்கிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. யாராவது இமாசல மண்டியை மொத்தச் சந்தையோடு முடிச்சுப் போட்டுவிட்டால், தானியங்கி அந்தப் பிழையையும் சிரத்தையாக எல்லா மொழிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

2012 அக்டோபரில் விக்கித்தரவு வந்தபிறகுதான் மூச்சுவிட முடிந்தது. பொருளுக்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு மொழி கிடையாது. தமிழ், கன்னடம், உருது எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று இன்னொன்றின் தயவில் இல்லை.

இது கணினி தந்த புத்தி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதே சீமையில் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸ் செய்து காட்டியதுதான். அவருடைய ‘எபிகிராபியா கர்னாட்டிகா’ முதல் தொகுதி 1886இல் வந்தது. மைசூர் மாவட்டத்தின் முதல் பகுதி 1894இல். ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள். கன்னடம், தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் கலந்து கிடந்தன. அவர் மொழிவாரியாகப் பிரிக்கவில்லை, அரசர்வாரியாகவும் அடுக்கவில்லை. கல் எந்தத் தாலுகாவில் நிற்கிறதோ அந்தத் தாலுகாவின் பெயர்ச்சுருக்கம், பக்கத்தில் ஓர் எண். மூலம் ஒரு பகுதியில், ரோமன் எழுத்தில் ஒரு பகுதியில், ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு பகுதியில் என்று புத்தகம் பிரிந்து கிடந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எங்கும் போகலாம். பின்னால் 1972 முதல் மைசூர்ப் பல்கலைக்கழகம் திருத்திய பதிப்பு கொண்டுவந்தது. அதிலிருந்து, எந்தப் பதிப்பின் எண் என்பதையும் மேற்கோளில் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால் மாற்றுவது அத்தனை சங்கடம்.

விக்கியின் உதவிப் பக்கங்களின் கதை வேறு. ஃபின்லாந்துக்காரர் நிக்லாஸ் லாக்ஸ்ட்ரோம் எழுதிய மொழிபெயர்ப்பு நீட்சி ஒரு பக்கத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கிக் கொடுக்கும். மூலத்தில் ஒரு துண்டு மாறினால், தமிழில் அதற்கு நேரான துண்டு பழையதாகிவிட்டது என்று நிறம் மாற்றிக் காட்டும். மென்பொருள் விளக்கத்துக்கு இது சரி. மூலம் ஆங்கிலத்தில்தான் பிறக்கிறது. ஒரு பேட்டையைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. மண்டி மொஹல்லாவின் சேதி தக்கணி பேசும் பெரியவர்களிடம் இருக்கிறது. தக்கணிக்கென்று தனி விக்கிப்பீடியா கிடையாது. அவர்கள் சொல்வது உருதுவிலோ கன்னடத்திலோ தமிழிலோதான் இறங்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் மூலம் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

படங்கள் சேரும் விக்கிமீடியாப் பொதுவகத்தில் பகுப்புப் பெயர்கள் பொதுவாக ஆங்கிலத்தில்தான். 2019 முதல் ஒவ்வொரு படத்துக்கும் பல மொழியில் சிறு விளக்கம் சேர்க்க இடம் வந்திருக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுத்து ஒரு வரி எழுதினால் போதும், அந்த மொழியில் தேடுகிறவருக்கு அகப்படும். பலருக்கு இந்தப் பெட்டி கண்ணில் படுவதே இல்லை.

அசோகா சாலைப் பக்கம் எடுத்த ஒரு தெருப் படத்தை ஏற்றும்போது, உருது வரிக்காகப் பக்கத்துக் கடை பாயிடம் கைப்பேசியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது மண்டி இல்லை தம்பி, லஷ்கர் மொஹல்லா. சர்ச் இருக்கிற பக்கம் எல்லாம் லஷ்கர்.”

கன்னட விக்கியில் எழுதும் நண்பர் கூட இருந்தார். “இது எல்லி பருத்தே குரு?” (இது எங்கே வரும்?) என்று என்னைப் பார்த்தார். பிறகு அவரே, தன் தாத்தா கடை அங்கேதான் இருந்தது, கடிதம் எல்லாம் மண்டி மொஹல்லா என்றுதான் வரும் என்றார். பாய் விடவில்லை. கடிதம் தபால்காரன் சௌகரியம், மொஹல்லா அப்படியில்லை என்றார். இரண்டு டீ சொல்லி, அது வந்து ஆறிப்போகும் வரை விவாதம் நடந்தது.

படத்துக்கு இரண்டு பகுப்பையும் போட்டேன். உருது விளக்கத்தில் லஷ்கர், கன்னடத்தில் மண்டி. தமிழ் வரியில் ‘இரண்டு மொஹல்லாவும் சேரும் தெரு’ என்று எழுதினேன். பாய்க்கு அதில் திருப்தி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எல்லைத் தெருவை நடந்தே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நண்பரும் வருகிறாராம், தாத்தாவின் பழைய கடித உறைகளோடு.