வெயிலில் கறுக்கும் கண்ணாடி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான ஏரியூருக்குக் குடிவந்தவன் நான். இந்த மேட்டுக்காட்டு வெயில் கண்ணைத் திறக்க விடாது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கூச்சம் இன்னும் கூடியது. அதனால் வெயிலில் தானாகக் கறுக்கும் பவர் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டேன். நம் வயதுக்காரர்கள் பலரும் அதைப் பற்றிக் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்கு 'லூனெத்' என்று பெயர். சின்ன நிலா என்று பொருள். நம் சின்ன நிலாவுக்கு வளர்பிறை, தேய்பிறை எல்லாம் ஒரே நாளில் பலமுறை!

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்து விஞ்ஞானிகளான ஆர்மிஸ்டெட்டும் ஸ்டூக்கியும். 1960-களில் நடந்தது. பழைய கறுப்பு வெள்ளை பிலிமில் இருந்த அதே வகை வெள்ளி உப்பைக் கண்ணாடிக்குள் நுண்துகளாக வைத்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளி பிரிந்து கறுக்கும். நிழலுக்கு வந்தால் மீண்டும் சேர்ந்து தெளியும். இன்றைய பிளாஸ்டிக் கண்ணாடிகளில் வெள்ளிக்குப் பதில் நிறம் மாறும் சாயம் இருக்கிறது.

நன்மை உண்டு. கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை, நெற்றிவலி இல்லை, இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றித் தேட வேண்டியதும் இல்லை.

ஆனால் சில விஷயங்களைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கடும் சூட்டில் இது குறைவாகவே கறுக்கும். நம் சித்திரை மதியத்தைவிட ஏற்காட்டின் குளிர்ந்த காலையில் நன்றாகக் கறுக்கும். காருக்குள்ளும் அவ்வளவாகக் கறுக்காது. முன்கண்ணாடியே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. நாகமரையில் பண்ணவாடிக்குப் படகு ஏறினால், மேட்டூர் அணைத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பையும் இது முழுதாக அடக்காது. அதற்குப் 'போலரைஸ்டு' கண்ணாடி வேண்டும்.

முக்கியமானது இதுதான். கறுக்க ஒரு நிமிடம் போதும். தெளியப் பல நிமிடம் ஆகும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது கண்ணுக்கு முன் இருட்டு. நம் வயதில் கண்ணும் இருட்டுக்கு மெதுவாகத்தான் பழகும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இப்படித்தான் நடையில் கிடந்த முறம் தெரியாமல் தடுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. அன்றிலிருந்து நான் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுதான் உள்ளே போகிறேன். "வாசல்ல என்ன காவலா?" என்பாள் மனைவி. இருக்கட்டும்.

இன்னொன்று. கூச்சம் திடீரென்று அதிகமானால் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சமாளிக்காதீர்கள். புரையாக இருக்கலாம், வேறு கோளாறாகவும் இருக்கலாம். முதலில் கண் டாக்டர், பிறகு கண்ணாடிக்கடை.