மார்க்கண்டன் கூட்டிவந்த விருந்தாளிகள்

எங்கள் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் ஊர்க்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நாங்கள் வேப்பனப்பள்ளி என்போம்; சட்டமன்றத் தொகுதிக்கோ வேப்பனஹள்ளி என்று பெயர். கிருஷ்ணகிரிக்கு வடக்கே, ஒரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம், இன்னொரு பக்கம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் என்று மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் மூலை அது. சந்தையில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார். கடைக்காரர் கன்னடத்தில் சொல்வார். சில்லறை இல்லை என்ற சண்டை தமிழில் நடக்கும். உலகமே இப்படித்தான் பேசும் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

ஊரின் ஆற்றுக்கு மார்க்கண்டேய நதி என்று பெயர். கர்நாடகத்தில் பிறந்து எங்கள் பக்கம் இறங்கி, தென்பெண்ணையில் கலந்து, கிருஷ்ணகிரி அணைக்குப் போகிற ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி அதில் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆறு செத்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய ஒரு வருஷத்தில், மேலே எங்கோ பெய்த மழைக்கு, ராத்திரியோடு ராத்திரியாகத் திரண்டு வந்து நிற்கும். எமன் வீசிய கயிற்றிலிருந்து தப்பி என்றும் பதினாறாக நின்ற பிள்ளையின் பெயர் அதற்குப் பொருத்தம்தான். பெரியவர்கள் அதை ஆறு என்றே சொல்ல மாட்டார்கள். "மார்க்கண்டன் வந்துட்டானாமே" என்பார்கள், வெளியூர் போன பிள்ளை திரும்பியதுபோல.

அவன் வந்த ஓர் ஐப்பசி இரவு இன்னும் எனக்குள் ஈரமாக இருக்கிறது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு கிருஷ்ணகிரி போய்விட்டுக் கடைசிப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். தரைப்பாலத்துக்கு முன்னால் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார். நடத்துனர் டார்ச் அடித்துப் பார்த்தார். பாலம் இருந்த இடத்தில் காவி நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. ஒரு முழு வேலி, படலோடு, மிதந்து போனது. உள்ளே முப்பது பேர் இருந்திருப்போம். முன்னாலும் போக முடியாது, பின்னால் ஓடையும் ஏறிவிட்டது.

கரைமேட்டில் ஒரு ஓட்டு வீடு. அங்கிருந்து அரிக்கேன் விளக்கோடு ஒரு அவ்வா இறங்கி வந்தார். தெலுங்கு வாசனை அடிக்கும் தமிழில், "வண்டிக்குள்ள குந்தினு என்ன பண்றீங்க, மேல வாங்க" என்றார். திண்ணையிலும் கொட்டகையிலும் மாட்டுக்குப் பக்கத்திலும் ஒண்டிக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் புதுமுகத்தைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு, யாரு வூடு?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அன்றைக்கு அவ்வா அதைக் கேட்கவில்லை. "எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பை மூட்டினார்.

களி கிண்டுவதை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். நொய் வெந்து கொதிக்கும் பானையில் கேழ்வரகு மாவை மலைபோலக் கொட்டி, கிண்டாமல் கொஞ்ச நேரம் விட்டார். மாவின் நடுவே குழி விழுந்து அதன் வழியே கொதி மேலே வந்தது. பானையை இறக்கி, இரண்டு கட்டைகளால் அதை அசையாமல் அழுத்திக்கொண்டு, துடுப்பால் கிண்டத் தொடங்கினார். வயசான கைதான். ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் முதுகு முழுக்க அதில் இறங்கியது. நடத்துனர் ஓடிப்போய்ப் பானையைப் பிடித்துக்கொண்டார். நனைத்த தட்டில் போட்டு உருட்டினால், ஆவி பறக்கும் கருஞ்சிவப்பு உருண்டைகள். தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைக் குழம்பு. வீட்டில் ஆறேழு தட்டுதான் இருந்தது, மற்றவர்களுக்குத் தேக்கிலை.

அப்பாவுக்குக் கை நீளவில்லை. யார் வீட்டிலும் கை நனைக்காத மனுஷர். இலையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். அவ்வா பார்த்துவிட்டார்.

"களி ஆறிப்போனா கல்லு, சாமி. நாளைக்கு இத்தன கல்ல நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? தின்னு எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு."

திண்ணை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் புரட்டினார். யாரோ ஆற்றைத் திட்டத் தொடங்கியபோதும் அவ்வா விடவில்லை. "மூணு வருசம் கழிச்சு வந்திருக்கான். திட்டாதீங்க. அவன் வந்தா தனியா வரமாட்டான், விருந்துக்குப் பத்துப் பேரக் கூட்டினுதான் வருவான்." காலையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. அப்பா காசை நீட்டியபோது, "என்கிட்ட ஏன் குடுக்கற? கூட்டினு வந்தவன்கிட்ட குடு" என்று ஆற்றைக் காட்டினார். அப்பா ஒரு நாணயத்தைத் தண்ணீரில் போட்டுக் கும்பிட்டுவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

அவ்வா பேசிய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு வேலை இருந்தது என்று பின்னால்தான் புரிந்தது. சோறு போடுவது பாதி உதவி. வாங்குகிறவர் தலை குனியாமல் சாப்பிட வைப்பது மீதிப் பாதி. அந்த மீதியை எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பால் செய்தார்கள்.

எல்லா வெள்ளத்தையும் இப்படிச் சிரித்து அனுப்பிவிட முடியாது என்பதும் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. இந்த மாவட்டம் ஒரு வருஷத்தில் காணும் மழையில் பாதிக்கும் மேல் அது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மைபோல உருண்டு போனதை நாடே பார்த்தது. அந்த வாரம் அங்கே போனபோது யாரும் நகைச்சுவை பேசவில்லை. சேறு வாரினோம், அவ்வளவுதான். பட்டவர் முதலில் சிரிக்க வேண்டும், பிறகுதான் மற்றவர் சிரிக்கலாம். அந்த வரிசை மாறினால் அது கேலி.

பட்டவரே சிரித்ததை நான் 1991 டிசம்பரில் பார்த்தேன். அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பர் 11-ஆம் தேதி மத்திய அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் கிடைத்த வண்டியில் ஏறி எல்லை தாண்டி வந்தன. எங்கள் தெருவுக்கும் ஒரு குடும்பம் வந்தது: ஒரு அக்கா, அவர் கணவர், இரண்டு பெண் பிள்ளைகள். தூரத்து உறவினர் வீட்டைத் தேடி வந்தார்கள், அந்த வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

முதல் இரண்டு நாள் அந்த அக்கா பேசவே இல்லை. மூன்றாம் நாள் மூட்டையைப் பிரித்தார். உள்ளே நாலு புடவை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், அப்புறம் ஒரு பிரஷர் குக்கர் மூடி. மூடி மட்டும். விசில் தலையில் அப்படியே நிற்கிறது, ரப்பர் வளையம்கூட இருக்கிறது, குக்கர் இல்லை. அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "ஊரே எரியுதுன்னு ஓடி வர்றேன், மூடியத் தூக்கினு வந்திருக்கேன் பாருங்க. சோறு அங்க வேகுது, விசில் இங்க அடிக்கும்போல" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அழுதார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் சோறு வேகும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் வாயாலேயே விசில் அடித்தார்கள்.

அவர்கள் உயிரோடு வந்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம் என்று அக்கா சொன்னார். கன்னடக்காரர். இவர்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பீடி பிடித்தாராம். தேடி வந்தவர்களிடம், "இது என் வீடு" என்று ஒரே பதில். ஒரு மாசம் கழித்து, ஓய்ந்தபிறகு, அவர் எங்கள் ஊரைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் சாக்குப் பை, உள்ளே குக்கர். வாசலில் நின்று அதை உயர்த்திக் காட்டி, கன்னடத்தில் சொன்னார்: "மூடி இல்லாமல் இது எனக்கு எதற்கு?" அக்கா மூடியை எடுத்து வந்து அங்கேயே பொருத்தினார். சரியாகப் பூட்டிக்கொண்டது. அம்மா வந்தவரைப் பார்த்து, "ஊட்ட ஆய்தா?" என்று, சாப்பாடு ஆயிற்றா எனக் கன்னடத்திலேயே கேட்டு இலை போட்டார்.

தண்ணீருக்காக எங்கள் எல்லையில் வழக்குகள் ஓய்ந்ததில்லை. மார்க்கண்டேய நதிக்கே ஒன்று உண்டு. மேலே யார்கோளில் கர்நாடகம் கட்டிய அணை, கீழே நம் விவசாயிகளின் கவலை, 2019 நவம்பரில் தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உரிமை பெரிது, அதற்காக நிற்கத்தான் வேண்டும். ஆனால், தண்ணீர் யாருக்கு என்று மேலே முடிவாகும்வரை, தாகமாக வந்தவனுக்குச் செம்பை நீட்டுவதை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குக் கொரோனா ஊரடங்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவில் நாடு நின்றது. எங்கள் பையன்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிப்போகும் ஓசூர் சிப்காட் அடங்கியது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் செய்யும் ஆலைகள் எல்லாம் மூடின. கொஞ்ச நாளில் நடப்பவர்கள் தென்பட்டார்கள். பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள், நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடிகளுக்குப் பயந்து ஊர்ப்பாதைகளில் வந்தார்கள். மே 1-ஆம் தேதி வெளியான தொற்று மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலம் கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான். காப்பாற்றிக்கொள்ள எங்களுக்கு நிறையவே இருந்தது. வெளியாட்களைப் பார்த்துக் கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊருக்கு வெளியே ஓடையோரம் ஒரு புளியமரம். அதன்கீழ் யாரோ ஒரு மண்பானை வைத்தார்கள். மறுநாள் பக்கத்தில் மோர் வந்தது. மாம்பழக் காலம், விலைபோகாத பெங்களூரா மாங்காய்கள் கூடை கூடையாக வந்தன. வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வோம். அவர்கள் எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு நாள் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர், அவர்களுடைய காலைப் பார்த்தார். வார் அறுந்து, சணலால் கட்டி, தார் ரோட்டில் கொப்பளித்த கால்கள். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பழைய செருப்புகளைக் கேட்டு வாங்கினார். ராத்திரியெல்லாம் தைத்து, மரத்தடியில் அளவுவாரியாக வரிசையில் அடுக்கிவிட்டார். பார்ப்பதற்குக் கோயில் வாசல் மாதிரியே இருந்தது.

அடுத்து வந்த ஏழெட்டுப் பேர் அந்த வரிசையைத் தொடத் தயங்கி நின்றார்கள். யாருடையதோ என்ற பயம். பெரியவர் தூரத்தில் இருந்தபடியே கத்தினார்: "எடுத்துனு போங்கப்பா! கோயில் வாசல்ல செருப்பு தொலைஞ்சா பீடை தொலையும்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ப் பீடைய அப்படியே எடுத்துனு போயிடுங்க!" ஓசூர்க் கம்பெனியில் இந்தி பழகிய பையன் ஒருவன் அதை மொழிபெயர்த்துச் சொன்னான். ஒரு கணம் அமைதி. பிறகு அவர்களில் நரைத்த ஒருவர் வெடித்துச் சிரித்தார். அவர் சொன்னதைப் பையன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: அவர் ஊரிலும் இதே பேச்சு உண்டாம். சனிக்கிழமை கோயிலில் செருப்புப் போனால் சனி விட்டதாம். "ரெண்டு பேர் பீடையும் போகட்டும்" என்று தன் பிய்ந்த செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டார். சரியாக இருந்ததா என்று காலைத் தட்டிக் காட்டினார். பெயர் கேட்கவில்லை. "எத்தன பேரு?" என்று மட்டும் கேட்டார் மோர்ப்பானைப் பக்கத்தில் நின்ற அம்மா.

எனக்கு அந்த அரிக்கேன் விளக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வியை யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கரைமேட்டு அவ்வாவை அவர் பார்த்திருக்கக்கூட மாட்டார். மூன்று பாஷை புழங்கும் மூலையில், ஆளைப் பற்றிக் கேட்கப் போனால் சோறு ஆறிவிடும் என்று ஊரே தெரிந்து வைத்திருந்தது.

நடப்பவர்கள் குறைந்து, பானை எடுக்கப்பட்டு, புளியமரத்தடி பழையபடி ஆனது. கடைசியில் ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. சின்னப் பிள்ளைக்கான நீலச் செருப்பு. அதை எடுத்துவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. இன்னொரு பிள்ளை நடந்து வந்துவிடுமோ என்று ஒரு எண்ணம். அப்படி எந்தப் பிள்ளையும் வரவில்லை என்பதே எங்களுக்குச் சந்தோஷம். அடுத்த பெரிய மழைக்கு ஓடை மரத்தடிவரை ஏறி வந்தது. விடிந்து பார்த்தபோது செருப்பு இல்லை. பெரியவர் ஆற்றுப் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"மார்க்கண்டனுக்குச் சரியா இருந்திருக்கும்."